முதலில் மை, அப்புறம் வெட்டு: டை கட் பொங்கல் வாழ்த்து அட்டை செய்வது எப்படி?

டை கட் அட்டை (உலோக அச்சால் உருவங்களை வெட்டி ஒட்டிச் செய்வது) செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கலர் பேப்பர் கட்டு. பச்சைத் தாளில் இலை, மஞ்சள் தாளில் பூ, சிவப்புத் தாளில் வட்டம் என்று வெட்டி ஒட்டி முடிப்பார்கள். சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டியது போலத் தெரியும். காரணம் வேறொன்றுமில்லை, கடைத் தாளில் பச்சை என்றால் முழுக்க ஒரே பச்சை. பத்து இலை வெட்டினால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதே டையை வைத்து இப்படிச் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை மையைத் தேய்த்து, காயவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். ஒரு இலையின் நுனியில் மஞ்சள் ஓடியிருக்கும், இன்னொன்று காம்பருகே இருண்டிருக்கும், மூன்றாவதில் பாதி வெளுத்திருக்கும். செலவு கூடவில்லை, வேலையின் வரிசைதான் மாறியது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்குப் பொங்கல் அட்டையை எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் கிடைக்கும் டைகளில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸ் மரம், கேக், பலூன், இதயம். பொங்கல் பானை டை தேடிக்கொண்டிருந்தால் தை பிறந்துவிடும். இருக்கிற டைகளை வைத்து நமக்கு வேண்டிய உருவத்தை வரவழைக்கக் கற்றுக்கொண்டால், அப்புறம் எந்தப் பண்டிகைக்கும் அட்டை செய்யலாம்.

மெஷினும் டையும்

டை என்பது மெல்லிய எஃகுத் தகடு. ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மறுபக்கத்தில் உருவத்தின் ஓரமாக மெலிதான விளிம்பு எழும்பி நிற்கும், அதுதான் வெட்டும் பக்கம். விரலால் மெதுவாகத் தடவினாலே எந்தப் பக்கம் என்று தெரியும். டையைத் தாளின் மேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் பிளேட் வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி அனுப்பினால் வெட்டு விழும். சிவகாசி அச்சகங்களில் பத்திரிகைக்கும் அட்டைப் பெட்டிக்கும் போடும் டை பஞ்சிங்கும் அடிப்படையில் இதுதான். அங்கே மரப்பலகையில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்திருப்பார்கள், அழுத்துவது பெரிய மெஷின்.

வீட்டுக்குக் கையால் சுற்றும் மெஷின் போதும். சிஸிக்ஸ் பிக் ஷாட் வகை மெஷின்களில் சுமார் 15 செ.மீ. அகலம் வரை தாள் போகும். அதைவிடச் சிறிய மினி மெஷின்களும் உண்டு, ஏ4 தாள் அப்படியே போகும் பெரியவையும் உண்டு. இந்த அட்டையின் துண்டுகள் எல்லாம் சிறியவை என்பதால் மினி மெஷினிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் ஜெமினி போல மின்சாரத்தில் ஓடுவதை வாங்கலாம். கிரிகட், சில்லவுட் போன்றவை வேறு ஜாதி. அவற்றில் டை கிடையாது, கம்ப்யூட்டரில் வரைந்ததைக் கத்தி வெட்டிக்கொண்டு போகும். நல்ல கருவிதான், ஆனால் முதல் அட்டைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

எந்த டை வாங்குவது? வாழ்த்துச் சொல் பொறித்த டையை முதலில் வாங்காதீர்கள், வருஷத்துக்கு நாலு தடவை எடுத்தாலே அதிகம். என் சிபாரிசு இந்த நான்கு: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வட்டங்கள், ஒரு மேகம், இலைகளுடன் ஒரு சிறு கிளை, நீளமான புல். வட்டம் சூரியனாகவும் பானையாகவும் ஆகும். மேகம் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

தாள்

அட்டையின் உடம்புக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை கனமுள்ள வெள்ளைக் கார்டு ஸ்டாக் வேண்டும். ஐவரி போர்டும் சரிப்படும். வெட்டும் துண்டுகளுக்கு 200 ஜி.எஸ்.எம். அளவே நல்லது. அதற்கு மேல் போனால் புல் மாதிரி நுணுக்கமான டையில் வெட்டு முழுதாக விழாது.

மை தேய்க்கும் தாள்தான் முக்கியம். சாதாரண சார்ட் பேப்பர் இதற்கு ஆகாது. மை ஒரு இடத்தில் உறிஞ்சும், பக்கத்து இடத்தில் உறிஞ்சாது, திட்டுத் திட்டாக நிற்கும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் உரிந்து பஞ்சு பஞ்சாக வரும். வழுவழுப்பான, பூச்சில்லாத கனமான வெள்ளைத் தாள் கேளுங்கள். தண்ணீர் தெளிக்கப் போகிறீர்கள் என்றால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் பேப்பர். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை நடந்தால் தாளைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் ஜி.எஸ்.எம். எண் தெரியும், வழுவழுப்பு தெரியாது.

மை

டை இங்க், அதாவது சாய மை (வெட்டும் டைக்கும் இதற்கும் தொடர்பில்லை), தாளுக்குள் இறங்கும். சீக்கிரம் காயும், பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலில் நாளாக நாளாக வெளுக்கும். பிக்மென்ட் இங்க் தாளின் மேல் படிந்து நிற்கும். மெதுவாகக் காயும், எளிதில் வெளுக்காது, கறுப்புத் தாளிலும் தெரியும். இரண்டும் கலந்த ஆக்ஸைடு வகையும் உண்டு. ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரஸ் ஆக்ஸைடு இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிய தடம் விடும், அந்தத் தடமே அழகாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஆக்ஸைடுதான் சொல்வேன், உடனே காயாததால் கலக்க நேரம் கொடுக்கும்.

ஆல்கஹால் இங்க் தனி உலகம். அது உறிஞ்சாத பரப்பில்தான், அதாவது யூப்போ போன்ற பிளாஸ்டிக் தாளிலோ பளபளப்பான அட்டையிலோதான், பரவி விளையாடும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. இன்றைக்கு அது வேண்டாம்.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மையைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முத்திரை குத்தலாம். தேய்த்துக் கலக்க முயன்றால் கோடு கோடாக நிற்கும். அதைவிட நல்ல மாற்று ஒன்று இருக்கிறது: ஒரு ஓ.எச்.பி. ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வாட்டர்கலரையோ பிரஷ் பேனாவையோ தீட்டி, அதன் மேல் தண்ணீரைப் பூவாகத் தெளித்து, தாளைக் கவிழ்த்து ஒற்றி எடுங்கள். நிறங்கள் தானாக ஓடிக் கலந்திருக்கும். இங்க் பேட் வாங்காமலே துண்டுகளுக்கான தாள் தயார்.

மஞ்சள் கரைத்த தண்ணீரையே மையாக வைக்கலாமே என்ற ஆசை பொங்கல் அட்டை என்றதும் வரும். நிறம் அருமையாகத்தான் விழும். ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வேகமாக வெளுக்கும், சோப்பு ஈரம் பட்டால் சிவக்கும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதற்கும் இதுதான் காரணம். கையால் கொடுத்து அன்றே ரசிக்கிற அட்டைக்குச் சரி, எடுத்துவைக்கப்போகும் அட்டைக்கு வேண்டாம்.

இவை தவிர மாஸ்கிங் டேப், பட்டர் பேப்பர், மை தேய்க்கப் பஞ்சு அல்லது அடர்த்தியான மெல்லிய பிரஷ், இருபக்கம் ஒட்டும் ஃபோம் டேப், ஃபெவிகால், இரும்பு ஸ்கேல், கட்டர் ஆகியவை வேண்டும். பிரஷ்ஷுக்கு முகத்தில் பவுடர் பூசும் மேக்கப் பிரஷ் அப்படியே உதவும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம், அதன் ஓட்டைகள் எல்லாம் தாளில் அச்சாக விழும்.

படி 1: அட்டையின் உடம்பு

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ., அகலம் 210 மி.மீ. நீளத்தின் நடுவில், 148.5 மி.மீ.யில், குறுக்கே வெட்டுங்கள். இரண்டு ஏ5 துண்டுகள் கிடைக்கும். ஒன்றை எடுத்து 210 மி.மீ. பக்கத்தின் நடுவில், அதாவது 105 மி.மீ.யில் மடித்தால் அட்டை தயார். இதற்கு 114 x 162 மி.மீ. உள்ள சி6 கவர் பொருந்தும்.

மடிப்பதற்கு முன் தாளின் ஓட்டத்தைப் பாருங்கள். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்தால் ஒரு பக்கம் லேசாக வளையும், மறுபக்கம் விறைக்கும். லேசாக வளையும்போது வளைவின் முதுகுக்கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே ஓட்டம். மடிப்பு அதற்கு இணையாக விழுந்தால் கோடு சுத்தமாக இருக்கும், குறுக்கே விழுந்தால் தாள் வெடித்து நார் தெரியும். ஏ4 தாள்களில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும், மேலே சொன்னபடி வெட்டி மடித்தால் மடிப்பும் அதே திசையில்தான் வரும்.

வெறும் கையால் மடிக்க வேண்டாம். ஸ்கேலை வைத்து, எழுதித் தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பள்ளம் விழுந்ததும், பள்ளம் வெளிப்பக்கம் இருக்கும்படி மடியுங்கள். உள்பக்கம் மடிப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் பள்ளத்துக்கு மறுபக்கம் ஒரு மேடு எழும்பியிருக்கிறது, அந்த மேடு உள்ளே மடங்கினால்தான் தாள் இழுபடாது.

படி 2: வானம்

முன்பக்கத்தில் ஒட்டும் தாளை 95 x 138 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நாலு பக்கமும் சுமார் 5 மி.மீ. வெள்ளை ஓரம் நிற்கும். ஆனால் மை தேய்ப்பதற்கு இதைவிடக் கொஞ்சம் பெரிய தாளில் வேலை செய்து, கடைசியில் அளவுக்கு வெட்டுவது நல்லது. ஓரத்தில் மை திட்டாக விழுந்தாலும் வெட்டும்போது போய்விடும்.

சூரியனுக்கு ஒரு சின்ன வேலை. சுமார் 40 மி.மீ. வட்ட டையை எடுத்து, பசை குறைவான மாஸ்கிங் தாளில் வெட்டுங்கள். ஒரு வட்டமும், வட்டமாக ஓட்டை விழுந்த தாளும் கிடைக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தை வானத்தில் சூரியன் வர வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள்.

இப்போது மை. மஞ்சள், ஆரஞ்சு, செம்பருத்திச் சிவப்பு என்ற மூன்று நிறம் போதும். பிரஷ்ஷை இங்க் பேடில் தொட்டதும் நேரே தாளுக்கு வராதீர்கள். தாளுக்கு வெளியே, கீழே விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில், வட்டமாகத் தேய்க்கத் தொடங்கி, அப்படியே தேய்த்தபடி தாளுக்குள் நுழையுங்கள். அழுத்தம் கிட்டத்தட்ட வேண்டவே வேண்டாம், பிரஷ்ஷின் எடையே போதும். முதல் சில சுற்றில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் நிறம் புகை படிவது போல ஏறிவரும். நேரே தாளில் பிரஷ்ஷைக் குத்தினால் அங்கே ஒரு வட்டக் கறை உட்கார்ந்துவிடும், அதை எதுவும் போக்காது.

முதலில் சூரியனைச் சுற்றி மஞ்சள், பாதித் தாள் வரை. அதன் ஓரத்தில் ஏறி ஆரஞ்சு. மேல் ஓரத்தில் சிவப்பு. ஒவ்வொரு நிறம் முடிந்ததும், முந்தைய நிறத்தின் பிரஷ்ஷை எடுத்து இரண்டும் சேரும் இடத்தில் மறுபடி ஒரு சுற்று சுற்றுங்கள், எல்லைக்கோடு கரைந்துபோகும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக வேண்டும், திரும்பி வர வழி கிடையாது. மேலே ஊதா வைத்தால் விடியற்காலை போல இருக்குமே என்று தோன்றலாம். வையுங்கள், ஆனால் ஊதா மஞ்சளைத் தொடக்கூடாது. இரண்டும் கலந்தால் சேற்று நிறம்தான். நடுவில் சிவப்பு காவல் நின்றால் தப்பிக்கலாம்.

மாஸ்கிங் வட்டத்தை உரித்தெடுங்கள். பளீர் வெள்ளையாகச் சூரியன். அப்படியே விடலாம். கொஞ்சம் சூடு வேண்டுமென்றால், எடுத்துவைத்த ஓட்டைத் தாளை அதே இடத்தில் பொருத்தி, உள்ளே மிக லேசாக மஞ்சள். ஒரே டையின் ஒரே வெட்டு, இரண்டு வேலை.

விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தாளின் மேல் உதறுங்கள். சில விநாடி கழித்து டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால், துளி விழுந்த இடமெல்லாம் வெளிறிய பொட்டு நிற்கும். நிறைய வேண்டாம்.

படி 3: துண்டுகளுக்கான தாள்கள்

மூன்று சின்னத் தாள்கள் தயாரிக்க வேண்டும்.

முதலாவது பச்சை. இளம்பச்சை, நடுப்பச்சை, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. இதை ஒழுங்காகத் தேய்க்காதீர்கள், அங்கங்கே வெள்ளை விட்டு, அங்கங்கே இருண்டு போகட்டும். ஒழுங்கு கெட்ட தாள்தான் நல்ல இலையைத் தரும்.

இரண்டாவது மண்பானைக்கு. காவி நிறம் முழுக்க, ஒரு ஓரத்தில் மட்டும் அடர்பழுப்பு. வெட்டும்போது அந்த அடர்பழுப்புப் பட்டை வட்டத்தின் ஒரு பக்கமாக வரும்படி டையை வையுங்கள். தட்டையான தாளில் பானை உருண்டு தெரிவது இந்த நிழலால்தான்.

மூன்றாவது கரும்புக்கு. பொங்கலுக்கு வாங்கும் பன்னீர்க் கரும்பு கருநீலச் சிவப்பு. சிவப்பு மையின் மேல் ஊதாவை ஏற்றினால் அந்த நிறம் வரும். இங்கே மஞ்சள் பக்கமே போகாதீர்கள்.

எல்லாம் முழுதாகக் காயட்டும். ஆக்ஸைடு, பிக்மென்ட் வகை என்றால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒரு இரவு விட்டுவிடுவது நல்லது. அரைகுறையாகக் காய்ந்த தாளை வெட்டினால் மை பிளேட்டில் ஒட்டி, அடுத்த அட்டையில் எட்டிப் பார்க்கும்.

படி 4: வெட்டு

அடுக்கும் வரிசை மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், உங்கள் மெஷினோடு வந்த படத்தைப் பாருங்கள். பொதுவாகக் கீழே அடித்தட்டு, அதன் மேல் வெட்டும் பிளேட், அதன் மேல் தாள், தாளின் நல்ல பக்கத்தின் மேல் வெட்டும் விளிம்பு கீழ்நோக்கியபடி டை, மேலே இன்னொரு பிளேட். டை நகராமல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். அந்த டேப்பை ஒட்டுவதற்கு முன் துணியில் இரண்டு தடவை ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் உரிக்கும்போது நீங்கள் தேய்த்த மையும் கூடவே வந்துவிடும்.

நேர்க்கோடு அதிகமுள்ள டையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளைக்கு அடியில் போனால் சுற்றுவது கடினம், சாய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சுற்றும்போது பிளேட் கடகடவென்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம், அது வழக்கம். ஆனால் கைப்பிடி நகரவே மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். அடுக்கில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. பின்னால் சுற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். பிளேட் விரிசல் விட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம், மெஷினின் பல்சக்கரம் போனால் போனதுதான்.

புல் டை போன்ற நுணுக்கமானவற்றுக்குத் தாளுக்கும் டைக்கும் நடுவே ஒரு துண்டு பட்டர் பேப்பர். வெட்டிய துண்டு டைக்குள் சிக்காமல் கழன்றுவரும். அப்படியும் சிக்கினால், டையின் முதுகில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே ஊசியால் குத்தித் தள்ளுங்கள்.

ஓரத்தில் வெட்டி, நடுவில் வெட்டாமல் விட்டதா? தாளைத் தொடாதீர்கள், டையையும் நகர்த்தாதீர்கள். அப்படியே அடுக்கின் மேல் ஒரு ஏ4 தாளைச் சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதும் ஒரே இடத்தில் வெட்டு விடுகிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிளேட்டைப் புரட்டிப் போட்டு, டை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே வந்தால் அது வளையாமல் நெடுநாள் உழைக்கும்.

வெட்ட வேண்டியவை: காவித் தாளில் சுமார் 45 மி.மீ. வட்டம் ஒன்று, பச்சையில் நாலைந்து புல், இரண்டு இலைக்கிளை, மை தேய்க்காத வெள்ளைத் தாளில் மேகம் இரண்டு.

படி 5: பானையும் கரும்பும்

காவி வட்டத்தின் மேலிருந்து சுமார் 8 மி.மீ. விட்டு நேராக வெட்டி எறியுங்கள். அந்தத் தட்டையான வெட்டின் மேல், அதைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் நீளும்படி, 5 மி.மீ. உயரப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். பானையின் வாய் வந்துவிட்டது. பட்டையின் இரு நுனியையும் கத்தரியால் லேசாக உருட்டிவிட்டால் இன்னும் நன்று. மாவுக்கோலம் வேண்டுமென்றால் வெள்ளை ஜெல் பேனாவால் பானையின் வயிற்றில் நாலு புள்ளி, சுற்றி ஒரு வளைகோடு.

இப்போது மேகம். அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். தட்டையான அடிப்பகுதி மேலே போய், சுருள் சுருளான பகுதி கீழே தொங்கும். பானையின் வாயில் வைத்துப் பாருங்கள். பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது! இரண்டாவது மேகத்தை நேராக, அதற்குப் பின்னால், வாய்க்கு மேலே கொஞ்சம் தெரியும்படி வைத்தால் நுரை மேலே எழும்புவதும் கீழே வழிவதும் சேர்ந்து தெரியும். வெள்ளை வெள்ளையோடு கலந்துவிடாமலிருக்க, முன் மேகத்தின் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிற மையைப் பஞ்சால் ஒரு தொடு தொடுங்கள்.

கரும்புக்கு டை தேவையில்லை. ஊதாத் தாளை 6 மி.மீ. அகலக் கீற்றுகளாக ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். கணுவுக்கு ஒரு வழி: பழைய ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தை அடர்பழுப்பு இங்க் பேடில் அழுத்தி, கீற்றின் மேல் குறுக்கே ஒற்றி எடுங்கள். மெல்லிய, சற்றே பிசிறடித்த கோடு விழும். அடியில் நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி விட்டும் ஒற்றினால் கரும்பு நிஜம் போலிருக்கும். ஒவ்வொரு கணுவுக்குக் கீழேயும் வெள்ளை பென்சிலால் மெல்லிசாக ஒரு பூச்சு, கரும்பில் படிந்திருக்கும் மெழுகுப்பொடி மாதிரி. உச்சியில் பச்சைப் புல்லை ஒட்டினால் தோகை. புல்லை விரல்களுக்கிடையே இழுத்துச் சற்றே சுருட்டிவிடுங்கள்.

இலைக்கிளைகள் பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்துக்கு. மஞ்சள் இலை நிஜத்தில் அகலமாக, நீளமாக இருக்கும். உங்கள் கிளையின் இலை குட்டையாக இருந்தால் அதை மாவிலை என்று சொல்லிவிடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூல் இரண்டு சுற்று.

படி 6: வாழ்த்து

தமிழ்ச் சொற்களை டையாகச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தின் மேல் நிற்கும் புள்ளி, வெட்டியதும் தனியே கழன்று விழுந்துவிடும். 'பொங்கல் வாழ்த்துகள்' என்பதில் மட்டும் ஐந்து புள்ளி. ஐந்தையும் இடுக்கியால் பிடித்துத் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அதனால் எழுத்துக்கு ஸ்டாம்ப்தான் வசதி. ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவரிடம் கொடுத்தால் செய்துதருவார். தானே மை ஊறும் வகை வேண்டாம், சாதாரணக் கைப்பிடி வகை கேளுங்கள், அப்போதுதான் விருப்பமான மையில் ஒற்றலாம். எழுத்து 18 பாயிண்டுக்குக் குறையாமலும் கோடு மெலியாமலும் இருக்கட்டும். சிறிய எழுத்தில் 'ழ'வின் சுழியும் 'ள'வின் சுழியும் மை அடைத்துப் பொட்டாகிவிடும்.

பொன் எழுத்து வேண்டுமென்றால் எம்பாஸிங் பவுடர், அதாவது சூட்டில் உருகி எழுத்தை மேடாக்கும் பொடி. தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஈரமான ஆக்ஸைடு மை முழுவதும் பவுடரைப் பிடித்துக்கொண்டு தாளே தங்கக் கவசம் போட்டுக்கொள்ளும். முகப்பவுடரை ஒரு துணியில் தொட்டுத் தாளில் லேசாகத் தட்டித் துடையுங்கள். வெர்சாமார்க் போன்ற பிசுபிசுப்பான மையிலோ பிக்மென்ட் மையிலோ ஸ்டாம்பை ஒற்றுங்கள். உடனே பவுடரைக் கொட்டி, தாளைச் சாய்த்துத் தட்டி, மிச்சத்தை டப்பாவிலேயே சேருங்கள். அப்புறம் ஹீட் கன், அதாவது கடும் சூட்டுக் காற்றை ஊதும் கருவி. தலை உலர்த்தும் டிரையர் வேலைக்காகாது, சூடு போதாது, காற்று பவுடரை ஊதித் தள்ளிவிடும். சொரசொரப்பான பவுடர் திடீரென்று உருகிப் பளபளக்கும். அந்தக் கணமே அடுத்த எழுத்துக்கு நகருங்கள், அங்கேயே நின்றால் உருகியது தாளுக்குள் இறங்கி மினுமினுப்பு போய்விடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இந்த ஒரு வேலை மட்டும் பெரியவர் கையில்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வெள்ளைப் பட்டையில் கையால் 'பொங்கலோ பொங்கல்' என்று எழுதுங்கள். கையெழுத்து சுமாராக இருந்தால் இன்னும் நல்லது, யார் அனுப்பியது என்று பெயர் பார்க்காமலே தெரியும்.

படி 7: ஒட்டு

பசையைத் தொடுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் வானத்தின் மேல் பரப்பி, இடம் மாற்றிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அந்தப் படம்தான் வரைபடம்.

இரண்டு கரும்புகளும் கீழே அகன்று, மேலே சாய்ந்து ஒன்றையொன்று தொடட்டும். அவற்றைத் தட்டையாக ஒட்டுங்கள். பானைக்கு அடியில் ஃபோம் டேப். முன் மேகத்தின் பாதி பானையின் மேலும் பாதி காற்றிலுமாக நிற்கும், காற்றில் நிற்கும் பாதிக்கு அடியில் மட்டும் இன்னொரு துண்டு ஃபோம். எல்லாவற்றையும் உயர்த்தினால் எதுவும் உயர்ந்ததாகத் தெரியாது.

ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் அதிகம் வைத்தால் தாள் நெளியும். ஒரு துளியைத் தட்டில் விட்டு, பஞ்சால் தொட்டுத் துண்டின் முதுகில் ஒற்றினால் போதும். புல் மாதிரி மெல்லியவற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி: வெட்டுவதற்கு முன்பே தாளின் பின்னால் இருபக்கம் ஒட்டும் ஷீட்டை ஒட்டிவிடுங்கள். வெட்டி வெளியே வரும்போதே ஸ்டிக்கராக வரும்.

வானத்தை அளவுக்கு வெட்டி, அட்டையின் முகப்பில் ஒட்டி, மேலே ஒரு வெள்ளைத் தாளும் ஒரு தட்டையான புத்தகமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஃபோம் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்வதே நல்லது, பின்னால் செய்தால் ஃபோம் நசுங்கும்.

மிச்சம் மீதி

கீழே விரித்திருந்த ஷீட்டில் மை இன்னும் நிற்கும். அதன் மேல் தண்ணீரைத் தெளித்து ஒரு வெள்ளைத் தாளைக் கவிழ்த்து எடுத்தால் அடுத்த அட்டைக்கான பின்னணி இலவசம். இலை வெட்டிய பச்சைத் தாளில் இலை வடிவ ஓட்டைகள் இருக்கும், அதை எறிய வேண்டாம். மஞ்சள் தாளின் மேல் வைத்து ஒட்டினால் ஜன்னல் வழியே தோப்பைப் பார்ப்பது போல இருக்கும். நீரில் கரையும் மை பட்ட ஸ்டாம்ப்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஸ்டேஸான் போன்ற சால்வென்ட் மைக்கு மட்டும் அதற்கென்றே உள்ள கிளீனர் வேண்டும்.

தபாலில் போடும்போது

பூஸ்ட் டப்பா மூடி உயரத்துக்குப் பானையை நிமிர்த்திவைத்த அட்டை சாதாரணக் கவரில் தப்பாது. ஃபோம் ஒரு அடுக்குக்கு மேல் போகக்கூடாது. அட்டையின் முகப்பில் அதே அளவுக்கு ஒரு கனமான தாளை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கவரில் நுழையுங்கள். நூல் முடிச்சைப் பானையின் முன்னால் போடாமல் ஓரமாகப் போடுங்கள், முடிச்சுதான் கவரைக் கிழிக்கும். தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறும். கனமான அட்டையும் கவரும் சேர்ந்து சுலபமாக அதைத் தாண்டிவிடும் என்பதால், பெட்டியில் போடாமல் தபால் நிலையத்தில் எடை பார்த்து ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஸ்டாம்ப் குறைந்தால் அதற்கான கட்டணத்தை அட்டை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டிவரும்.

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. வெளியூருக்கு அனுப்புவதென்றால் மாதத்தின் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், வெளிநாட்டுக்கு என்றால் டிசம்பரிலேயே.